ஒரு பம்பும் ஒரு காம்பராவும்

நாட்டில் டீசல் ஒரு சொட்டுக்கும் வழியில்லாத காலத்தில் டீசல் பம்பு வாங்கிய ஆள் நான். இதை ஊரில் யாராவது உங்களிடம் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது மரியாதை. சொல்லிவிடுவார்கள், பெல்மதுளைச் சந்தியில் பழக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும்.

என் தொழிலைக் கேட்டால் இன்னும் நன்றாகச் சிரிக்கலாம். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொருளியல் டியூசன் நடத்துகிறேன். வாடகை வீட்டின் முன்னறையில் நாலு பெஞ்சு, ஒரு கரும்பலகை. சேர்ந்தே பயன்படும் பண்டங்கள் என்று ஒரு பாடம் உண்டு. தேயிலையும் சீனியும், வாகனமும் எரிபொருளும். ஒன்று கிடைக்காமல் போனால் மற்றதைக் கேட்பாரில்லை, அதன் விலை விழும். இதைப் பலகையில் கோடு கீறி விளக்கிவிட்டு, சோக்குத் தூளைக் கையில் தட்டிக்கொண்டே கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு இரும்புக் கடை வாசலில் பம்பொன்று பாதி விலைக்குக் கிடந்தது. "அடடா, என்ன மலிவு!" என்றேன். ஏன் மலிவு என்று கேட்கக் கூடிய படிப்புப் படித்த ஒரே ஆள் அந்தக் கடையில் நான்தான். நான் கேட்கவில்லை. கடைக்காரர், பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டு பில் எழுதினார்.

வகுப்புக்கு ஒரு போட்டோகாப்பி மெஷின் வாங்கச் சேர்த்த பணம் அது. பம்பு ஆட்டோவில் வந்து இறங்கியபோது என் மனைவி இடுப்பில் கைவைத்து நின்று அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இது ஒரு நிமிசத்துக்கு எத்தன பக்கம் அடிக்கும்?" என்றாள்.

பம்பு எதற்கு என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மண்ணைத் தோண்டினால் மாணிக்கம் வரும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் தண்ணீர்தான் வரும். அதனால் குழியில் பம்புக்காரனுக்கு ஒரு தனி மரியாதை. குழி வேலையில் சம்பளம் கிடையாது, எல்லாம் பங்கு. காணிக்காரருக்கு ஒரு பங்கு, பம்பு போட்டு எண்ணெய் ஊற்றுகிறவனுக்கு ஒரு பங்கு, மீதி இறங்கி வெட்டுகிறவர்களுக்கு. கல் கிடைத்தால் பிரித்துக்கொள்வார்கள். கிடைக்கும்வரை வெட்டுகிறவனுக்கு மத்தியானச் சோறும் பிளேன்டீயும் மட்டும்.

நிவித்திகலப் பக்கம், என் தங்கச்சி இருக்கிற தோட்டத்து எல்லையை ஒட்டி, ஒரு சிங்கள முதலாளியின் மிளகுக் காணியில் அப்படியொரு குழி திறந்தார்கள். நல்ல மனிதர். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "மாத்தயா" என்று எழுந்து நிற்பார். என் மச்சான், அதாவது தங்கச்சியின் கணவர், தோட்டத்தில் றப்பர் பால் வெட்டுகிறவர். மழை பெய்தால் மரம் நனையும், வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் பேரும், அதாவது அன்றைய கூலியும், இல்லை. எங்கள் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்களில் அவர் குழிக்குப் போய் வந்தார்.

"சும்மா குந்திக்கிட்டு இருக்கறதுக்கு அங்க போனா ஒரு வேளச் சோறாச்சும் மிஞ்சுதுல்ல மச்சான்" என்றார்.

இதைவிடச் சரியான தீர்மானத்தை என் வகுப்பில் எவரும் இதுவரை எழுதியதில்லை. வேறெதற்கும் பயன்படாத நாளை ஒரு சோற்றுக்கும் ஒரு நம்பிக்கைக்கும் கொடுக்கிறார், இழப்பது ஒன்றுமில்லை. அதை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் நான் பம்பு வாங்கிவிட்டேனே. பம்பு வாங்கியவனுக்குக் குழிக்குள் சொந்த ஆள் ஒருவர் தினமும் இருந்தால் நல்லது என்று தோன்றும். அந்த எண்ணத்தைப் படிப்பு நல்ல உடுப்பு உடுத்தி வெளியே அனுப்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லயத்தில் தங்கச்சி குடியிருக்கிற ஒற்றை அறைக் காம்பராவில் உட்கார்ந்து, அவள் ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டு, மச்சானுக்கு அமையச் செலவு விளக்கினேன்.

"இங்க பாருங்க மச்சான். நீங்க ஒண்ண எடுக்கணும்னா இன்னொண்ண விடணும். எத விடறீங்களோ அதோட மதிப்புதான் செலவு. பால் வெட்டு இப்ப வாரத்துக்கு ரெண்டு நாளு, மூணு நாளு. அத விட்டா என்ன போகும்? கொஞ்சூண்டு. குழியில முழு நேரம் நின்னா முழுப் பங்கு. ரெண்டு பக்கமும் கால வச்சா ரெண்டும் அரைகொற."

மச்சான் தலையாட்டினார். படித்தவன் பேசினால் தலையாட்டுவது அவர் வழக்கம். என்மேல் அவருக்கு மதிப்பு உண்டு. அதுதான் அவருக்கு வந்த வினை.

கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த தங்கச்சி திரும்பினாள். மூத்தது தரையில் உட்கார்ந்து என் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, இந்த வீட்டுல தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்துல இருக்கறது இவரு பேரு ஒண்ணுதான். நான் இந்த ரெண்டையும் வச்சுக்கிட்டு வேலைக்குப் போக ஏலாது. பேரு போச்சுன்னா காம்பராவும் போகும். வெளங்குதா?"

"வெளங்குதும்மா" என்றேன்.

விளங்கவில்லை. அந்தக் காம்பராவுக்கு வாடகை கிடையாது. மச்சானின் அப்பா காலத்திலிருந்து அவர்கள் குடும்பம் அங்கே இருக்கிறது. மாதா மாதம் யாரும் அதற்கு எதுவும் கொடுப்பதில்லை. அதனாலேயே என் கணக்கில் அது வரவில்லை. கூரைத் தகரமும், குசினிப் புகையும், பொதுப் பைப்புத் தண்ணீரும், பக்கத்துக் காம்பராக்காரி பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் ஒருவருடைய கூலியில் ஒரு பகுதி என்று நான் பலகையில் எழுதுவேன். பணமாகக் கொடுக்கப்படாத கூலி என்று பேர் வைத்துப் பரீட்சையில் கேள்வியும் கேட்பேன். ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து தேநீர் குடித்தபோது, விலை எழுதி ஒட்டாத ஒரு பொருள் என் கண்ணில் படவில்லை.

மச்சான் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போவதை நிறுத்தினார்.

குழி இறங்க இறங்கத் தண்ணீர் ஏறியது. பம்பு இருந்தது, டீசல் இல்லை. சுவர் சரியாமலிருக்கக் கட்டைகளையும் காட்டுச் செடியையும் வைத்து அடைத்திருந்தார்கள். அதன் இடுக்குகளிலிருந்து நாள் முழுக்கத் தண்ணீர் கசியும். மச்சானும் மற்ற மூவரும் வாளியால் இறைத்தார்கள். என் பம்பு குழி ஓரத்தில் உர பேக் போர்த்திக்கொண்டு நோயாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு எரிபொருள் வரிசையில் நின்றேன். வரிசையில் என் மாணவி ஒருத்தியின் அப்பா எனக்கு முன்னால் நின்றார். இரண்டாம் நாள் அவர் மகள் சாப்பாடு கொண்டு வந்தாள்.

"சேர், இன்னைக்கு கிளாஸ் இல்லையா?"

"இதான் கிளாஸ்" என்றேன். "டீசலுக்குக் கேள்வி கூட, வழங்கல் கொறைவு. நோட்டு எடுத்துக்க."

அவள் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அவருடையது வாடகை ஆட்டோ.

கடைசியில் கறுப்பு விலைக்கு ஒரு ஆட்டோக்காரரிடம் வாங்கினேன். வாங்கி ஊற்றினேன். பம்பு இருமியது, கத்தியது, தண்ணீர் போனது, எண்ணெய் தீர்ந்தது, தண்ணீர் வந்தது. மறுபடி வாங்கினேன். ஒவ்வொரு முறையும் மனம் ஒரே வாக்கியத்தைச் சொன்னது: இவ்வளவு ஊற்றியாச்சு, இப்போது நிறுத்தினால் அவ்வளவும் வீண். சனிக்கிழமை காலை வகுப்பில் இதே வாக்கியத்தைப் பலகையில் எழுதி, அதன்மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி போட்டு, மூழ்கிய செலவைத் தீர்மானத்தில் சேர்ப்பவன் மடையன் என்று விளக்கினேன். மோசமான படத்துக்கு டிக்கட் எடுத்தவன் பாதியில் எழுந்து போக வேண்டுமா, காசுக்காகக் கடைசிவரை இருக்க வேண்டுமா? எழுந்து போக வேண்டும் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். நல்ல பிள்ளைகள். வகுப்பு முடிந்ததும் டீசல் தேடிப் போனேன்.

பால் வெட்டை விட்ட பிறகு மச்சான் வீட்டில் வருமானம் என்று ஒன்று இல்லை. மத்தியானம் குழியில் கொடுக்கிற சோற்றில் பாதியை அவர் பார்சல் கட்டிக்கொண்டு போவதைக் காணிக்காரர்தான் முதலில் கவனித்தார். அடுத்த நாளிலிருந்து ஒரு பார்சல் கூடுதலாக வந்தது. நன்றி சொல்லப் போனால் ஏதாவது பகிடியாக வந்துவிடும் என்று பயந்து நான் பம்பைத் துடைக்கப் போனேன்.

தங்கச்சி அந்தக் குழியைப் பார்த்ததே இல்லை. குழிப் பக்கம் பெண்கள் வரக் கூடாது, வந்தால் கல் ஒளிந்துவிடும் என்பது குழிக்காரர்களின் வழமை. செருப்போடும் போகக் கூடாது. அவளுடைய சமையல், பிள்ளைகளின் பால்மா, அடுத்த மாதம், எல்லாம் அதற்குள் இருந்தன. அவளுக்கு அதைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மச்சான் உடுப்பில் கொண்டு வந்த சேறு மட்டும்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை கங்காணி வந்தார். நானும் அங்கே இருந்தேன். வாசலில் நின்றபடியே மச்சானிடம் பேசினார், உள்ளே வரவில்லை.

"தம்பி, தோட்டத்துத் தொர சொல்லிட்டாரு. திங்கக்கெழம பெரட்டுல வந்து நின்னா பேரு இருக்கும். இல்லன்னா வெட்டிருவாங்க. பதுளப் பக்கம் இருந்து வேலைக்கு ஒரு குடும்பம் வந்து நிக்குது, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேல செய்வாங்க. காம்பரா கேக்குறாங்க. நான் இவ்வளவு நாளு ஒனக்குக் காய்ச்சல்னு சொல்லிச் சமாளிச்சேன். இனிமே எந்தக் காய்ச்சல சொல்றது?"

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்னங்க மாஸ்டர், பம்பு தண்ணி எறைக்குதா, இல்ல ஒங்களையே எறைக்குதா?"

"ரெண்டும்தான் கங்காணி" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு போனார். தங்கச்சி சிரிக்கவில்லை. மச்சானைப் பார்த்து, "திங்கக்கெழம போயிருங்க" என்றாள். "போறேன்" என்றார். அதில் ஒரு சந்தேகமும் இல்லை. அன்றைக்கு அந்த வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது.

அடுத்த நாள் குழியில் இரும்புக் கம்பியை இறக்கினார்கள். சேற்றில் கம்பி போனால் சத்தமே வராது. மாணிக்கம் தங்கும் சரளையைத் தொட்டால் நறநறவென்று ஒரு சத்தம், பல்லில் கல் கடிபட்ட மாதிரி. மச்சான்தான் கம்பியைப் பிடித்திருந்தார். சத்தம் வந்தது. நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவருடைய கல்யாணத்திலும் நான் பார்த்ததில்லை. இனிச் சரளையை அள்ளி மேலே போட்டுக் கழுவ வேண்டியதுதான் பாக்கி. கழுவுவதற்கு நல்ல நேரம் பார்ப்பார்கள். காணிக்காரர் யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்து சொன்னார்: "சந்துதா தமய் ஹொந்த, மாத்தயா. காலையிலயே."

சந்துதா என்றால் திங்கட்கிழமை.

மச்சான் என்னைத் தனியே கூட்டிப் போனார். மிளகுக் கொடிக்குக் கீழே நின்று மெதுவாகச் சொன்னார்.

"மச்சான், நான் பெரட்டுக்குப் போயிர்றேன். கழுவறப்ப நீங்க நில்லுங்க. எம் பங்க நீங்க பாத்துக்குங்க. ஒங்களவிட எனக்கு வேற ஆளா?"

எளிமையான வழி. யாருக்கும் எதுவும் குறையாது. கழுவும் இடத்தில் பங்குக்காரன் நிற்க வேண்டும் என்பது வழமை. கூடையில் ஒரு கல் மின்னி மறைவதற்குக் கண் இமைக்கிற நேரம் போதும். ஆனால் அவருக்குப் பதிலாக நான் நிற்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"எனக்குக் கல்லு தெரியாதே மச்சான்" என்றேன். "நீலக்கல்லும் சோடாப் போத்தல் ஓடும் எனக்கு ஒண்ணுதான். ரெண்டு பேர் கண்ணு இருந்தா நல்லது. ஒரே ஒரு நாளுதான. செவ்வாக்கெழம நீங்க போய் நில்லுங்க, நானும் வந்து தொரகிட்டப் பேசறேன். இவ்வளவு ஊத்திட்டு, இப்ப..."

முடிக்கவில்லை. வகுப்பில் சிவப்புக் குறி போட்ட வாக்கியம் அது. வாய் பாதியில் நின்றது; நான் நிற்கவில்லை.

மச்சான் வழக்கம்போலத் தலையாட்டினார்.

திங்கட்கிழமை காலை மழை இல்லை. பால் வெட்டுக்கு அருமையான நாள். தோட்டத்துப் பக்கமிருந்து பெரட்டுக்குக் கொம்பு ஊதிய சத்தம் குழிவரை கேட்டது. மச்சான் தலையைத் தூக்கி அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து கூடையை எடுத்தார்.

சாமிக்கு விளக்கு ஏற்றினார்கள். ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கூடையை வட்டமாகச் சுழற்ற, மண் கரைந்து ஓட, கல் மட்டும் அடியில் தங்கும். நான், என் வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு பகிடியும் சொல்லவில்லை. முதல் கூடையைச் சாய்த்துச் சூரியனுக்குக் காட்டினார்கள். காணிக்காரர் விரலால் கிளறினார். "மொகுத் நே" என்றார். ஒன்றுமில்லை. இரண்டாவது கூடை, மூன்றாவது கூடை. மத்தியானத்துக்குள் அவ்வளவு சரளையும் கழுவி முடிந்தது. தகரத் துண்டொன்றில் மங்கலான சின்னக் கற்கள் கொஞ்சம் கிடந்தன. அதை இரத்தினபுரிக்குக் கொண்டுபோய் விற்று, காணிக்காரர் நேர்மையாகப் பிரித்துக் கொடுத்தார். என் பங்கு ஒரு கேன் டீசலுக்குப் போதாது. மச்சான் தன் பங்கில் பால்மா ஒரு பைக்கட்டு வாங்கினார். அதோடு முடிந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் பெரட்டில் போய் நின்றார். எல்லாப் பேரும் வாசித்து முடிந்தது. அவர் பேர் வரவில்லை. கங்காணி அவரைப் பார்க்காமலே அடுத்த மலைக்கு ஆள் பிரித்தார் என்று பிறகு சொன்னார்கள்.

நான் இஸ்திரி போட்ட சேட்டோடு தொரையைப் பார்க்க ஆபீசுக்குப் போனேன். என் ஆங்கிலத்தை வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மனிதர் மரியாதையாக உட்கார வைத்தார், தேநீர் வரவழைத்தார், முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, வேலைக்கு ஆள் அனுப்பாத காம்பரா தோட்டத்துக்கு நட்டம் என்றும், இரண்டு ஆள் அனுப்பத் தயாராக இருக்கிற குடும்பம் வாசலில் நிற்கிறது என்றும் சொன்னார். பொருளியல் படிப்பிக்கிறவருக்கு இதை விளக்கத் தேவையில்லை அல்லவா என்று கேட்டார். தேவையில்லைதான். மாத முடிவுவரை நேரம் கொடுத்தார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வழியில்தான் எதற்கு நன்றி சொன்னேன் என்று யோசித்தேன்.

மச்சான் கொழும்புக்குப் போய்விட்டார், கட்டட வேலைக்கு. போகும்போது என்னோடு ஒரு குறையும் சொல்லவில்லை. "பிள்ளைங்களப் பாத்துக்குங்க மச்சான்" என்றார். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லி, இரண்டு பேரும் சிரித்து, கொஞ்சம் இலேசாகியிருக்கும். அந்த வசதியை அவர் எனக்குத் தரவில்லை.

பம்பை விற்றேன், வாங்கியதைவிடக் குறைவாக. சில நாளில் டீசல் வரிசை குறைந்தது, பம்பு விலை ஏறியது. என் மனைவி முன்னறையிலிருந்த பெஞ்சுகளை வெளியே எடுத்து அடுக்கினாள். தங்கச்சியும் பிள்ளைகளும் அந்த அறைக்குத்தான் வர வேண்டும். வகுப்பை வேறெங்கே நடத்துவது என்று நாங்கள் இருவரும் இன்னும் பேசவில்லை.

மாத முடிவில் ஒரு சின்ன லொறியை அமர்த்திக்கொண்டு லயத்துக்குப் போனேன். பதுளைப் பக்கத்துக் குடும்பம் ஏற்கெனவே வந்து, மூட்டைகளோடு வாசல் ஓரத்தில் நின்றது. அந்தப் பெண் எங்களைப் பார்க்க வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வயிற்றில் ஆறு மாதமோ ஏழு மாதமோ. உள்ளே தங்கச்சி அடுப்படியை வழித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். போகிற வீட்டை எதற்கு இப்படித் துடைக்கிறாள் என்று நினைத்தேன். வருகிறவளைப் பார்த்ததும் கேட்கவில்லை. சட்டி பானை ஒரு சாக்கில், சாமி படங்கள் ஒரு பெட்சீட்டில், பிள்ளைகளின் துணி ஒரு பேசினில். ஒரு குடும்பம் இவ்வளவு சீக்கிரம் மூட்டையாகும் என்று எனக்குத் தெரியாது. மூத்தது காலியான மூலையில் போய் நின்று கத்திக் கத்தி எதிரொலி கேட்டுச் சிரித்தது. பக்கத்துக் காம்பராக்காரி அதைத் தூக்கிக்கொண்டு போய் அழுதாள்.

என்னால் சும்மா இருக்க முடியாது. கட்டிலும் மேசையும் மட்டும் மிச்சமாக நின்ற அறைக்கு நடுவில் நின்று பேச ஆரம்பித்தேன்.

"தங்கச்சி, நான் ஒண்ணு சொல்றேன் கேளு. போனதப் பத்தி யோசிக்கவே கூடாது. எந்தத் தீர்மானம் எடுத்தாலும் இனிமே வரப் போறத மட்டுந்தான் பாக்கணும். டவுனுன்னா பிள்ளைங்களுக்கு நல்ல இஸ்கூல் இருக்கு. ஆஸ்பத்திரி கிட்ட. நீயும் கடையில, தையல்ல, எங்கயாச்சும் ஒரு வேல தேடிக்கலாம். மச்சான் மாசா மாசம் அனுப்புவாரு. கூட்டிக் கழிச்சுப் பாத்தா, ஒரு வகையில, இது ஒரு புது..."

தங்கச்சி துடைத்த துணியைப் பிழிந்து சன்னல் கம்பியில் போட்டாள். குனிந்து கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள்.

"அந்தப் பக்கக் காலப் புடிங்கண்ணே" என்றாள்.